கையிருப்பு எவ்வளவு?

2022 மே 4, புதன்கிழமை. தியவன்னா ஓயா நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றக் கட்டடத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி எழுந்து நின்று ஒரு கணக்கைச் சொன்னார். நாட்டிடம் கைக்கெட்டும் நிலையில் இருக்கும் அந்நியச் செலாவணி 50 மில்லியன் டொலருக்கும் குறைவு. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலர் இருந்த பெட்டி அது. 2019 இல் வரிகளைக் குறைத்தது வரலாற்றுத் தவறு என்றும், சர்வதேச நாணய நிதியத்திடம் முன்னரே போயிருக்க வேண்டும் என்றும், இந்த நெருக்கடி குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீளும் என்றும் அவர் அதே சபையில் ஒப்புக்கொண்டார்.

அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது இரண்டு வாரம் கழித்து மேலும் தெளிவானது. மே 18 அன்று எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர அதே சபையில் ஒரு கப்பலைப் பற்றிச் சொன்னார். மார்ச் 28 முதல் இலங்கைக் கடலில் பெற்றோலுடன் நங்கூரமிட்டு நிற்கிறது. இறக்குவதற்குக் கொடுக்க டொலர் இல்லை. அதே விநியோகஸ்தரிடம் ஜனவரியில் வாங்கிய இன்னொரு கப்பல் பெற்றோலுக்கு 53 மில்லியன் டொலர் பாக்கி வேறு. ஆக, ஒரு தேசத்தின் கைப்பணம் முழுவதையும் திரட்டினாலும் ஒரு கப்பலின் பழைய பாக்கியை அடைக்கக் காணாது. பெற்றோல் வரிசையில் நிற்க வேண்டாம் என்று அமைச்சர் மக்களைக் கேட்டுக்கொண்டார். மக்கள் நின்றார்கள். வேறென்ன செய்வது?

இலங்கையின் 2022 பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காலிமுகத்திடலில் தொடங்குவார்கள். மார்ச் 31 இரவு மிரிஹானவில் திரண்ட கூட்டம், ஏப்ரல் 9 இல் எழுந்த கோட்டா கோ கம போராட்டக் களம், ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த மக்கள் வெள்ளம் என்று அந்தக் கதை ஓடும். அது எழுதப்பட வேண்டிய கதைதான். ஆனால் அதே மாதங்களில், அதே தலைநகரின் ஓரத்தில், 225 பேர் அமர்ந்த ஒரு மண்டபத்தில் வேறொன்றும் நடந்தது. மூன்று ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுக் கிடந்த கேள்விகளுக்கு முதன்முறையாக உண்மையான விடைகள் வந்தன. பணம் முற்றாகத் தீர்ந்த பிறகே அவை வந்தன. அந்தத் தாமதத்தின் விலையை வரிசையில் நின்றவர்கள் கட்டினார்கள் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இரண்டு வார அவகாசம்

இலங்கைப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பது எளிது. வாய்மூல விடைக்கான வினாக்கள் ஒழுங்குப் பத்திரத்தில் இலக்கமிட்டு வரும். அவசரமான பொது விடயம் என்றால், கட்சித் தலைவர்கள் நிலையியற் கட்டளை 27(2) இன் கீழ் எழுந்து கேட்கலாம். பிரதமரிடம் உறுப்பினர்கள் நேரடியாக வினவுவதற்கென ஒதுக்கிய நேரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை பொது நிதி மீதான முழுமையான கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்திடமே கொடுத்திருக்கிறது. எழுத்தில் இதைவிட உறுதியான அதிகாரம் எந்தச் சபைக்கும் தேவையில்லை.

விடை பெறுவதுதான் கடினம். சபை நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: விடையளிக்க இரண்டு வார கால அவகாசம் கோருகிறேன். இரண்டு வாரம் ஒரு மாதமாகும். மாதம் அடுத்த அமர்வாகும். இல்லையென்றால் விடை சபாபீடத்தில் சமர்ப்பிக்கப்படும். உறுப்பினர் துணைக்கேள்வி எழுப்புவதற்குள் அடுத்த வினாவின் இலக்கம் அழைக்கப்பட்டுவிடும். சாதாரண காலத்தில் இது சலிப்பூட்டும் நடைமுறை. ஒரு நாட்டின் டொலர் கரைந்துகொண்டிருக்கும்போது இதே நடைமுறை உயிர் வாங்கும்.

வரிக் குறைப்பையே எடுத்துக்கொள்வோம். கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு, பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாய் புரள்வு இருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்ற வரம்பு 300 மில்லியனுக்கு உயர்ந்தது. வரி கட்டுவோர் பட்டியலிலிருந்து பெருந்தொகையானோர் கழன்றுபோனார்கள். பாராளுமன்றம் 2020 மார்ச்சில் கலைக்கப்பட்டு ஆகஸ்ட் வரை கூடவேயில்லை. வருமான வரியில் செய்த மாற்றங்கள் அறிவித்தல்கள் மூலம் நடைமுறைக்கு வந்துவிட, அதற்கான சட்டத் திருத்தம் சபையில் நிறைவேறியது 2021 இல். பொது நிதியை ஆள வேண்டிய சபைக்கு, நாட்டின் வருமானத்தை வெட்டிய முடிவு ஒன்றரை ஆண்டு கழித்து ஒப்பத்துக்கு வந்தது. இதற்கிடையே 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறி, ஜனாதிபதியின் கையை இன்னும் பலப்படுத்தியது. 2021 இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தையும் எட்டவில்லை. உலகிலேயே மிகக் குறைந்த வரி திரட்டும் நாடுகளின் வரிசையில் இலங்கை சேர்ந்தது.

அடுத்து உரம். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடை விலக்கப்பட்டது; அதற்குள் பெரும்போக விதைப்புக் காலம் கைநழுவியிருந்தது. வயலில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்ற அளவுக்கு எளிமையான பிழை அது. தேயிலைத் தோட்டங்களும் அதில் அடிபட்டன.

கேள்விகள் இல்லாத ஐந்து வாரம்

என் பார்வையில் இந்தக் கதையின் மிக மோசமான அத்தியாயம் 2021 டிசம்பர் 12 நள்ளிரவில் தொடங்குகிறது. அன்று ஜனாதிபதி பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடிவுறுத்தினார். அடுத்த கூட்டத்தொடர் 2022 ஜனவரி 18 இல். கூட்டத்தொடர் முடிவுற்றால் நிலுவையில் இருக்கும் வினாக்கள் போய்விடும். அரச நிறுவனங்களின் கணக்கைத் துருவும் கோப் குழுவும் கோபா குழுவும் புதிதாக அமைக்கப்பட வேண்டும். கையிருப்பு 1.6 பில்லியன் டொலருக்குக் கீழிறங்கியிருந்த வேளை அது. கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. பால்மாவுக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் ஏற்கெனவே வரிசை தொடங்கியிருந்தது.

ஜனவரி 18 அன்று சபை திறந்தது. ஜனாதிபதி கொள்கைப் பிரகடன உரையாற்றினார். அதே நாளில்தான் முதிர்ச்சியடைந்த சர்வதேச முறிகளுக்காக 500 மில்லியன் டொலரை இலங்கை கட்டி முடித்தது. இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால் அந்த 500 மில்லியனைக் கட்டலாமா, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொண்டு கடன்காரரோடு பேசலாமா என்ற கேள்வியைப் பொருளியலாளர் பலர் வெளியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை சொல்ல வேண்டிய சபை அந்த ஐந்து வாரமும் பூட்டிக் கிடந்தது. நான்கு மாதம் கழித்து அந்தத் தொகையின் பத்தில் ஒரு பங்கு கூட நாட்டின் கையில் இல்லை.

அந்தக் காலத்தில் அரசு தரப்பு வெளியிட்ட எண்களையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் முடிவில் கையிருப்பு திடீரென 3.1 பில்லியன் டொலரானது. சீன மக்கள் வங்கியுடனான நாணயப் பரிமாற்றம், ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான யுவான், அதில் சேர்ந்திருந்தது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்ற நிபந்தனை பின்னால்தான் ஊரறிய வந்தது. அயல்வீட்டார் பத்திரமாக வைக்கச் சொல்லித் தந்த நகையைத் தன் சொத்துக் கணக்கில் எழுதுவது போன்ற காரியம். 2022 மார்ச் முடிவில் ஏட்டில் 1.9 பில்லியன் என்று இருந்ததும், மே 4 அன்று அலி சப்ரி 50 மில்லியனுக்கும் குறைவு என்றதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது.

எதிர்க்கட்சி வரிசையில் ஹர்ஷ டி சில்வா, எரான் விக்கிரமரத்ன போன்றவர்கள் நாணய நிதியத்திடம் போங்கள், கடனை மறுசீரமையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஐக்கிய தேசியக் கட்சியின் ஒற்றை உறுப்பினராகத் தேசியப் பட்டியலில் 2021 ஜூனில் சபைக்கு வந்த ரணில் விக்கிரமசிங்கவும் அதையே சொன்னார். மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ராலின் விடை, உள்நாட்டிலேயே தயாரித்த ஆறு மாத வழிகாட்டித் திட்டம் கையில் இருக்கிறது என்பதாக இருந்தது. அந்த ஆறு மாதம் முடிந்தபோது ரூபாய் மிதக்கவிடப்பட்டு, மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போயிருந்தது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் சரிந்து விழுந்து இறந்தார்கள். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குழந்தைகளோடு படகேறிய 16 பேர் மார்ச் 22 அன்று தனுஷ்கோடிக் கரையை அடைந்தார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, பசிக்குப் பயந்து அதே கடலைக் கடந்தவர்கள்.

பிரதமரின் மூன்று நாட்கள்

மே 9 இன் வன்முறை, மகிந்த ராஜபக்ஷவின் பதவி விலகல் என்று நாடு கொதித்த வாரத்தில், மே 12 அன்று ரணில் விக்கிரமசிங்க ஆறாவது முறையாகப் பிரதமரானார். மே 25 இல் நிதியமைச்சும் அவர் கைக்கு வந்தது. அவருடைய அரசியலோடு எனக்கு ஆழமான வேறுபாடுகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அடுத்த எட்டு வாரத்தில் சபையில் அவர் தந்த விடைகளைப் படிக்கும்போது மரியாதை பிறக்காமல் இல்லை.

ஜூன் 7. அடுத்த ஆறு மாதம் நாடு உயிரோடிருக்க 5 பில்லியன் டொலர் வேண்டும், ரூபாயைத் தாங்க மேலும் ஒரு பில்லியன் வேண்டும் என்றார். எரிபொருளுக்கு 3.3 பில்லியன், உணவுக்கு 900 மில்லியன், உரத்துக்கு 600 மில்லியன், சமையல் எரிவாயுவுக்கு 250 மில்லியன் என்று பிரித்தும் சொன்னார். நாடு முழுவதும் சிலிண்டரோடு தெருவில் நின்றுகொண்டிருந்த நாட்களில், அந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு டொலர் வேண்டும், அது இல்லை என்று ஒரு பிரதமர் எண்ணோடு சொன்னது சிறிய விடயமல்ல. இதே கணக்கை ஓராண்டு முன்னால் யாராவது சபையில் வைத்திருந்தால், எதை முதலில் வாங்குவது, எதை விடுவது என்று நாடு பேசியிருக்க முடியும்.

ஜூன் 22. எரிபொருள், எரிவாயு, மின்சாரம், உணவு ஆகியவற்றின் தட்டுப்பாட்டை விடவும் பெரிய ஆபத்தில் இருக்கிறோம், நம் பொருளாதாரம் முற்றாக வீழ்ந்துவிட்டது என்ற பொருளில் அவர் பேசினார். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 700 மில்லியன் டொலர் கடன். அதனால் எந்த நாடும் எந்த நிறுவனமும் எரிபொருள் தர விரும்பவில்லை, கைக்காசுக்குக் கூடத் தயங்குகிறார்கள் என்றார். இந்தியா கடனாகக் கொடுத்த 4 பில்லியன் டொலர் தானமல்ல, திருப்பிக் கட்ட வேண்டியது என்பதையும் நினைவூட்டினார். ஆரம்பத்திலேயே வீழ்ச்சியின் வேகத்தைக் குறைத்திருந்தால் இந்த நிலை வந்திராது, அந்தச் சந்தர்ப்பத்தைத் தவறவிட்டோம் என்றார். தவறவிட்டோம் என்ற பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்பதை மட்டும் அவர் விரித்துச் சொல்லவில்லை.

அந்தச் சபையில் தானம் பற்றிய பேச்சு எழுந்தபோது, உண்மையிலேயே தானமாக வந்த ஒன்றும் இருந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏப்ரல் 29 இல் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவெடுத்தது. முதல் கப்பல் மே 18 இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. இன வேறுபாடின்றி எல்லா இலங்கையருக்கும் என்று வந்த அந்த மூட்டைகள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தெற்கிலும் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

ஜூலை 5. இதுதான் மூன்று நாட்களிலும் கனமானது. முன்னர் வளர்முக நாடாக நாணய நிதியத்தோடு பேசினோம், இப்போது வங்குரோத்தடைந்த நாடாகப் பேசுகிறோம் என்று பிரதமர் சொன்னார். ஆண்டு முடிவில் பணவீக்கம் 60 சதவீதத்தைத் தொடும் என்றார். நாணய நிதியத்தின் கணிப்பில் பொருளாதாரம் 6 முதல் 7 சதவீதம் வரை சுருங்கும் என்றார். அன்று கோட்டாபய ராஜபக்ஷவும் சபைக்கு வந்திருந்தார். எதிர்க்கட்சியினர் பதாகைகளோடு எழுந்து அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அவர் எழுந்து வெளியேறினார். நான்கு நாளில் மக்கள் அவருடைய மாளிகைக்குள் இருந்தார்கள். அதே இரவில் ரணிலின் ஐந்தாம் ஒழுங்கை வீடும் எரிக்கப்பட்டது.

இந்த எண்களைப் பின்னால் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் அவை நேர்மையானவை என்பது புரியும். கொழும்புப் பணவீக்கம் செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை ஏறி, டிசம்பரில் 57 சதவீதத்தில் நின்றது. பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. அச்சத்தைப் பெரிதாக்கவும் இல்லை, சிறிதாக்கவும் இல்லை. உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கிய அந்தச் செப்டெம்பரில், 63 இலட்சம் பேர் போதிய உணவு கிடைக்காத நிலையில் இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. ஒரு நாள் கூலி 1,000 ரூபாயில் கோதுமை மா ரொட்டியை நம்பி வாழ்ந்த தோட்டக் குடும்பங்களில் அது என்ன செய்திருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஆகஸ்டில் ஒரேயடியாக 340 ரூபாயானது. வடக்கில் மண்ணெண்ணெய் இயந்திரப் படகுகளை நம்பியிருந்த சிறு மீனவர்கள் பலர் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் இருந்தார்கள்.

வடக்கு அறிந்த விடை

இந்த வரிசைகளும் தட்டுப்பாடும் தெற்குக்குப் புதிது. வடக்குக்கு அப்படியல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த தலைமுறை, மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி, போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. சவர்க்காரமும் மின்கலமும் கூடத் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. அந்தத் தடை பற்றிய கேள்விகள் அன்றும் கொழும்புச் சபைகளில் எழுந்தன. வடக்கில் தட்டுப்பாடு இல்லை என்பதே வழக்கமான விடை.

2009 ஐயும் இங்கே சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வன்னியில் போருக்குள் சிக்கியிருந்த மக்கள் சுமார் 70,000 பேர் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த எண்ணுக்கு ஏற்பத்தான் உணவும் மருந்தும் அளக்கப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். அரசு சொல்லும் ஒரு பிழையான எண் எத்தனை பேரின் வயிற்றை எரிக்கும் என்பதை இதைவிடக் கொடூரமாக எந்தக் கணக்கும் காட்டாது. அன்று அந்த எண்ணை நம்பிய, அல்லது நம்புவது வசதியென்று இருந்த நாடு, 2022 இல் கையிருப்பு பற்றிய எண்ணுக்கும் பழகிப்போயிருந்தது. குறுக்குக் கேள்வி கேட்பவரைத் துரோகி என்று ஒதுக்கும் வழக்கம் வடக்கில் தொடங்கியது. பொருளியலாளர்கள் நாணய நிதியம் என்று வாய் திறந்தபோது அவர்கள் மீதும் அதே சொல் வீசப்பட்டது. இந்தத் தொடர்பைத் தெற்கின் நண்பர்கள் பலர் காலிமுகத்திடலில்தான் முதல்முறையாக உணர்ந்தார்கள். அங்கே மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து கஞ்சி பகிரப்பட்டது.

யார் என்ற கேள்வி

ரணிலின் விடைகளில் இருந்த ஓட்டை இங்கேதான். எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் நன்றாக விடை சொன்னார். என்ன நடந்தது என்பதற்கும் சொன்னார். யார் செய்தது என்ற இடத்தில் அவர் குரல் தணிந்துவிடும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: ராஜபக்ஷ தரப்பின் வாக்குகள் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் பெரும்பான்மை இல்லை. மே 17 இல், ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை விவாதிக்க நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தும்படி எதிர்க்கட்சி உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் கேட்டபோது, அது 119 க்கு 68 என்ற கணக்கில் தோற்றது. பிரதமராகி ஐந்தே நாளான ரணிலும் எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர். ஜூலை 20 இல் அதே சபை 134 வாக்குகளால் அவரை ஜனாதிபதியாக்கியது.

ஆகவே யார் என்ற கேள்வி பாராளுமன்றத்தை விட்டு நடந்து, புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 நவம்பர் 14 இல் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக விடை சொன்னது: கோட்டாபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ஷ சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் திறைசேரியின் முன்னாள் உயரதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள். இழப்பீடு எதுவுமில்லை, மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபாய். தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ஆனாலும் பொது நிதி மீது முழுக் கட்டுப்பாடு உள்ள சபை கேட்டு முடிக்க வேண்டிய கேள்வியை, சில குடிமக்கள் தங்கள் அடிப்படை உரிமை மனுவில் கேட்க வேண்டியிருந்தது என்பது அந்த 225 ஆசனங்களுக்கும் பெருமையல்ல.

இன்னொன்றும் நடந்தது. நெருக்கடியில் உண்மையான எண்ணைச் சொன்ன அதே தலைவர், பிறகு அந்த எண்ணையே கேடயமாகப் பிடித்தார். 2023 மார்ச் 9 இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியில் பணமில்லை என்று சொல்லப்பட்டது. பெப்ரவரி 23 அன்று ஜனாதிபதியாகச் சபையில் பேசிய ரணில், தேர்தல் ஒத்திவைக்கப்படவில்லை, ஒத்திவைக்கத் தேர்தலே இல்லை என்ற வாதத்தை வைத்தார். வரவு செலவுத் திட்டத்தில் அதே சபை ஒதுக்கிய பணம் அது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், நிதியமைச்சர் என்ற வகையில் அவரும் அடிப்படை உரிமையை மீறினார் என்று தீர்த்தது. பணமில்லை என்பது 2022 ஜூனில் ஓர் உண்மை. 2023 பெப்ரவரியில் அது மக்கள் வாக்களிப்பதைத் தடுத்த ஒரு முடிவு. 2022 ஜூனின் ரணிலை மதிக்கிற எவரும் 2023 பெப்ரவரியின் ரணிலை மன்னிக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

ஊழியர் சேமலாப நிதியையும் சேர்த்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 2023 ஜூலை 1 இல், ஒரு சனிக்கிழமை, 122 க்கு 62 என்று நிறைவேறியது. வங்கிகளுக்குத் தொடர் விடுமுறை விட்டு, சந்தை திறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் நடந்த விவாதம். ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் தோட்டத் தொழிலாளரும் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த நிதியின் எதிர்கால வட்டி அதில் குறைந்தது. வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஏன் இவர்கள் மட்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவை சரிந்தால் எல்லோரும் சரிவார்கள் என்பது அரசின் விடை. அந்த விடையில் ஓரளவு நியாயம் இருந்தது. அதைத் தொழிலாளருக்கு முன்கூட்டியே விளக்கி, அவர்களிடம் கருத்துக் கேட்பதற்கு நேரம் மட்டும் ஒதுக்கப்படவில்லை.

2028 க்கு முன்னால்

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசுக்குக் கடன் கொடுப்பதற்காகப் பணம் அச்சிடுவதைத் தடை செய்கிறது. பணவீக்க இலக்கு அடுத்தடுத்து இரண்டு காலாண்டு தவறினால் ஏன் என்று மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு அறிக்கை தந்தாக வேண்டும். 2024 இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் செலவுக்கு எல்லை வகுக்கிறது. 2024 தேர்தல்களில் மக்கள் ஆட்சியையே மாற்றினார்கள். முந்தைய சபையில் மூன்று ஆசனம் மட்டும் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 159 ஆசனத்தோடு வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று ஆசனம் அதற்குப் போனது. கேள்வி கேட்டுப் பழகியவர்கள் இப்போது விடை சொல்லும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கடன் மறுசீரமைப்பு ஒப்பந்தங்களின்படி, இருதரப்புக் கடன்களின் அசல் தொகையைக் கட்டுவது 2028 இல் மீண்டும் தொடங்குகிறது. அதற்கு எவ்வளவு டொலர் சேர்ந்திருக்கிறது, அதில் எவ்வளவு தொடக்கூடியது, எவ்வளவு நிபந்தனைக்குக் கட்டுண்டது என்பதை மாதம் ஒருமுறை நிதிக்குப் பொறுப்பானவர் சபையில் நின்று வாய்மூலமாகச் சொல்ல வேண்டும். இப்போதைய நிலையியற் கட்டளைகளில் அப்படியொரு கட்டாயம் இல்லை. சேர்ப்பதற்குச் சபையின் தீர்மானம் ஒன்று போதும். கூட்டத்தொடரை முடிவுறுத்தும்போது கணக்குக் குழுக்கள் கலையாமல் தொடரவும் அதே தீர்மானத்தில் வழி செய்யலாம். அரசின் கையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. பணம் இல்லை என்ற காரணம் இதற்குப் பொருந்தாது. அடுத்த அமர்வில் எந்த உறுப்பினராவது இந்தப் பிரேரணையை ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கட்டும். யார் ஆதரிக்கிறார்கள், யார் இரண்டு வார அவகாசம் கேட்கிறார்கள் என்பதை மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.